செத்தவன் வீரன், மிதந்தவன் கோமாளி

ஊருக்கு நல்லது சொல்ல நாடகம் எழுதுறது எண்டால் என்ன தெரியுமோ? இல்லாத ஆக்களை உண்டாக்கி, இருக்கிற ஆக்களுக்கு நடுவில கொண்டுபோய் விட்டிட்டு, பிறகு அவங்கள் செய்யிற அட்டகாசத்துக்கெல்லாம் நாங்கள் பதில் சொல்லிக்கொண்டு திரியிறது.

நீங்களும் எங்கையாவது பள்ளிக்கூட விழாவுக்கோ, சங்கத்து ஆண்டு நிறைவுக்கோ ஒரு நாடகம் எழுதிக் கையைச் சுட்டுக்கொண்ட ஆளெண்டால் கிட்ட வந்து இருங்கோ, நாங்கள் ஒரு சாதி. பகலில நான் திருகோணமலை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு போட்டோக்கொப்பிக் கடையில வேலை. பின்னேரங்களிலயும் சனி ஞாயிறிலயும் கடற்கரை கடற்கரையாய்ப் போய் நாடகம் போடுற ஒரு சின்னக் குழுவுக்கு எழுத்துக்காரி. இந்த வருசம் நாங்கள் போட்ட ஒரேயொரு நாடகத்தால நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போறன். பட்டதெல்லாம் பாடுதான், ஆனால் இப்ப நினைச்சாலும் எனக்கு இருப்புக் கொள்ளுதில்லை!

ஆறு பெட்டி

எங்களுக்கு உதவி செய்யிற ஒரு நிறுவனம் மூண்டு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டது. படிப்பிக்க வந்த சேர் பலகையில ஆறு பெட்டி கீறினார். வீரன், கோமாளி, கெட்டவன், தாய், காதலி, புத்தி சொல்லுற பெரியவர். "எந்தக் கதையை எடுத்தாலும் இந்த ஆறு பேர்தான். பெட்டிக்கு ஒரு ஆளைப் போடுங்கோ, கதை தானா ஓடும்" எண்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இவ்வளவு காலமும் வெறும் பேப்பரை வைச்சுக்கொண்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஆரோ வந்து கதவைத் திறந்து விட்ட மாதிரி இருந்தது. திரும்பி வாற பஸ்ஸிலயே எழுதத் தொடங்கிட்டன்.

விசயம் இதுதான். மாரியில வாடைக்காற்றுத் தொடங்கினால் எங்கட கடல் பொல்லாதது. கடற்தொழிலுக்குப் போற ஆக்கள் லைஃப் ஜக்கெட் போடோணும் எண்டு சொல்ல ஒரு நாடகம் வேணும். ஜக்கெட் எல்லாற்ற வீட்டிலயும் இருக்கு. போடுறவைதான் குறைவு. நான் பெட்டியை நிரப்பினன். ஹார்ட்வெயார் கடையில வேலை செய்யிற ஜெகனுக்கு அகண்ட தோள், அவர் வீரன். "ஆம்பிளைக்கு எதுக்கடா உது?" எண்டு சொல்லி ஜக்கெட் போடாமல் கடலுக்குப் போய்ச் சாகிறது அவர்ர வேலை. கிண்ணியாவில ஓட்டோ ஓடுற நஸீருக்குப் பெரிய வயிறு, அவர் கோமாளி. நடுங்கி நடுங்கி ஜக்கெட்டைப் போட்டு, போட் கவிழ்ந்தாப் பிறகு தக்கை மாதிரி மிதக்கிறது அவர்ர வேலை. எங்கட குழுத் தலைவர் சிவம் அண்ணைக்கு ரெண்டு பெட்டி. துவாயைத் தோளில போட்டால் புத்தி சொல்லுற பெரியவர், இடுப்பில கட்டினால் கெட்டவன். தாய் நான். காதலிக்கு ஆளில்லை, அதால அந்தப் பெட்டியைக் காலியா விட்டன்.

எல்லாரும் சரியெண்டிச்சினம். நஸீர் மட்டும் தன்ர வயித்தைத் தடவிக்கொண்டு கேட்டார்: "அக்கா, வயிறு இருக்கிறவனுக்கு வீரம் இரிக்காதெண்டு அந்த சேர் எந்தப் பெட்டியில எழுதினவர்?"

பேர் பார்க்கிற கூட்டம்

எங்கட பக்கத்துக் கரையோர ஊர்களில நாடகம் போடுறதெண்டால் ஒரு சடங்கு இருக்கு. முதல்நாள் மீன்பிடிச் சங்கத்தில கதிரை போட்டு இருந்து, நாடகத்தில வாற பேர்களை உரத்து வாசிக்கோணும். ஊரில அந்தப் பேரில ஆள் இருந்தால் மாத்தோணும். இல்லாட்டி நாடகம் முடிய, "என்னைத்தானே சொன்னனீ?" எண்டு சட்டையைப் பிடிப்பாங்கள்.

சல்லி எண்ட ஊரில கோமாளிக்கு நான் வைச்ச பேர் ராசன். வாசிச்சு முடிக்க முதல் செயலாளர் கையை உயர்த்தினார். பெரிய ராசன், சின்ன ராசன், எஞ்சின் ராசன், கொழும்பில இருந்து வந்த ராசன். சரி, செல்வம்? அதிலயும் மூண்டு பேர். யோகன்? அவர் அங்கினைதான் இருந்தார், முறைச்சுப் பார்த்தார். கடைசியில கோமாளிக்குப் பவளன், வீரனுக்குக் கதிர் எண்டு முடிவாச்சு. கெட்டவனுக்குப் பேரே வேண்டாம், சம்மாட்டி எண்டு மட்டும் இருக்கட்டும் எண்டு விட்டாச்சு. சம்மாட்டி எண்டால் ரெண்டு மூண்டு போட்டுக்குச் சொந்தக்காரன், வேற ஆக்களைத் தொழிலுக்கு விடுற முதலாளி.

கூட்டம் கலைஞ்சாப் பிறகு தங்கராசா எண்ட ஒரு ஐயா மட்டும் போகாமல் நிண்டார். ஏதோ பெரிய முறைப்பாடு எண்டு நான் பயந்து போனன். அவர் கிட்ட வந்து சொன்னார்: "பிள்ளை, கோமாளிக்குப் பேர் வைக்க ஊரையே கூட்டிக் கேட்டீங்கள். வீரனுக்கு என்ர பேரை வைப்பமோ எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லையே!"

சம்மாட்டியின்ர சிரிப்பு

கெட்டவன் எண்டால் சிரிக்கோணும். அது என்ர சொந்தக் கண்டுபிடிப்பில்லை, எங்கட நாட்டில எல்லா மேடையிலயும் அப்பிடித்தான். சிவம் அண்ணை துவாயை இடுப்பில கட்டிக்கொண்டு, "ஜக்கெட் போட்டால் போட்டில மீன் வைக்க இடமெங்கயடா? ஹா! ஹா! ஹா!" எண்டு சிரிச்சால் அரை மைல் தூரத்துக்குக் கேக்கும்.

சாம்பல்தீவில நாடகம் முடிய உண்மையான சம்மாட்டி ஒருத்தர் வந்தார். வெள்ளைச் சேட்டு, கையில ரெண்டு போன். எங்கள் நாலு பேரையும் வீட்டை கூட்டிக்கொண்டு போய்ப் பிளேன்ரீயும் வடையும் தந்தார். நான் வடையைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தன், எப்ப ஏச்சு விழுமோ எண்டு. அவர் தன்ர போட் நாலும் எஞ்சின் பழுதாக் கிடக்கிற கதை, பெடியள் வெளிநாடு போற கதை எல்லாம் சொன்னார். கடைசியாத்தான் விசயத்துக்கு வந்தார். கோவமே இல்லை, எனக்கு ஒரு தொழில் விளங்கப்படுத்துற மாதிரித்தான் கேட்டார்: "தங்கச்சி, நாங்கள் சிரிக்கிறது வலையில மீன் பட்டால்தான். நீங்கள் ஏன் அந்த மனுசனை ஒண்டும் படாத நாளிலயும் சிரிக்க விடுறீங்கள்?"

கைதட்டு

திருக்கடலூர்க் கரையில நடந்ததை நான் எப்பிடிச் சொல்லுறது! பின்னேரம் ஐஞ்சு மணி, போட்டெல்லாம் கரையில இழுத்து விட்டிருக்கு. அந்தப் போட்டுகளில ஏறி இருந்துகொண்டு சனம் பார்க்குது. பவளனா நஸீர் ஜக்கெட்டைத் தலைகீழாப் போட்டுக்கொண்டு வந்த உடனே தொடங்கின சிரிப்பு நிக்கவேயில்லை. கதிராய் ஜெகன் நெஞ்சை நிமித்திக்கொண்டு, "கடல் எனக்குத் தாய், தாய் மடிக்குப் போக எனக்குச் சட்டை வேணுமோ?" எண்டு கேக்க விசில் பறந்தது. அவன் மூழ்கிப் போற இடத்தில பொம்பிளையள் சீலைத் தலைப்பால கண்ணைத் துடைச்சினம். நான் தாயா ஓடி வந்து விழுந்து குழறினன். குழறிக்கொண்டே ஒரு கண்ணால சனத்தைப் பார்த்தன், ஐயோ, ஒரு ஆள் அசையேல்லை! இந்தத் தொழிலில அதைவிட வேற என்ன வேணும், சொல்லுங்கோ!

முடிஞ்சு சாமான் கட்டேக்க பெடியள் ஜெகனைச் சுத்தி நிண்டு செல்ஃபி எடுத்தாங்கள். நஸீரை ஒருத்தரும் திரும்பியும் பார்க்கேல்லை. கண் சிவந்துபோய் நிண்ட ஒரு பெடியன் என்ர கையைப் பிடிச்சுச் சொன்ன சொல்லை நான் அண்டைக்குப் பாராட்டெண்டுதான் நினைச்சனான். வீட்டை போய் எல்லாருக்கும் ஃபோன் எடுத்துச் சொன்னனான் வேற. அவன் சொன்னது இதுதான்: "செத்தாலும் கதிர் மாதிரிச் சாகோணும் அக்கா!"

மேசையில வைச்ச ஜக்கெட்

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். கடையில நான் ஆரின்ரயோ அடையாள அட்டையைக் கொப்பி எடுத்துக்கொண்டு நிக்கிறன், ஒரு பிள்ளை வந்து ஒறேஞ்ச் நிற லைஃப் ஜக்கெட் ஒண்டை மேசையில தூக்கி வைச்சாள். பேர் சுமதி, திருக்கடலூர். இதையும் கொப்பி எடுக்கோணுமோ எண்டு பகிடியாக் கேட்டன். அவள் சிரிக்கேல்லை.

அவளின்ர மனிசன் ரவி, ஃபைபர் போட்டில தொழிலுக்குப் போறவர். அந்தக் கரையில ஒழுங்கா ஜக்கெட் போட்டுக்கொண்டு போன ஒரே ஆள் அவர்தானாம். எங்கட நாடகம் நடந்து அடுத்தநாள் விடிய அவர் அதைப் போட்டுக்கொண்டு கரைக்கு இறங்க, ஆரோ ஒருத்தன் "பவளன் வாறான்டோ!" எண்டிருக்கிறான். அவ்வளவுதான். அண்டையில இருந்து கரை முழுக்கப் பவளன். போட் தள்ளேக்க பவளன், மீன் நிறுக்கேக்க பவளன், கடையில பவளனுக்கு ஒரு ரீ. நாலாம் நாள் அவர் ஜக்கெட்டைக் கழட்டிக் குசினி மூலையில போட்டிட்டார். இவள் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை பிடிச்சுப் பார்த்தாள். ஏலாது. இன்னும் மூண்டு கிழமையில வாடை தொடங்கப் போகுது.

ஜக்கெட் போடுங்கோ எண்டு சொல்லப் போய், போட்ட ஒரேயொரு மனிசனையும் கழட்ட வைச்சிட்டன்! வீரனைச் சாகவிட்டு அழவைச்சன், தப்பினவனைக் காட்டிச் சிரிக்க வைச்சன். அப்ப ஆர்தான் தப்பினவனா இருக்க விரும்புவினம்? நான் "ஏதாவது செய்யிறன் தங்கச்சி" எண்டன். அவள் ஜக்கெட்டை எடுத்து இடுப்பில இடுக்கிக்கொண்டு கேட்டாள்: "அவருக்கு ஒண்டு நடந்தால், அதையும் நாடகமாய் எழுதுவீங்களோ அக்கா?"

வீரனைத் திருத்தினது

அண்டைக்கே எல்லாரையும் கூப்பிட்டன். வழி லேசுதானே, வீரனுக்கு ஜக்கெட்டைப் போடுவம்! கதிர் போட்டால் பெடியளும் போடுவாங்கள். ஜெகனுக்கும் சந்தோசம், சாகிற வேலை மிச்சம். நான் ஒரே மூச்சில எழுதினன். கதிர் ஜக்கெட்டோட கடலுக்குப் போறான், போட் கவிழுது, மிதக்கிறான், திரும்பி வாறான், தாயைக் கட்டிப் பிடிக்கிறான், சுபம்.

நிலாவெளியில கொண்டுபோய்ப் போட்டம். கதிர் ஜக்கெட்டைக் கொழுவின உடனேயே பின்னுக்கு நிண்ட சனம் கழண்டு போகத் தொடங்கிச்சுது. போட் கவிழேக்க பாதிப்பேர் இல்லை. தாய் கட்டிப் பிடிக்க வரேக்க எனக்கு முன்னால இருந்தது ஆறு சின்னப் பிள்ளையளும், ஐஸ் பழம் விக்கிறவரும். அந்த ஐஸ் பழக்காரர் பெல்லை ஒருக்கா அடிச்சிட்டு, என்னில இரக்கப்பட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இவனுக்கு ஒண்டும் நடக்காதெண்டு தெரிஞ்சு போச்செண்டால், பிறகு சனம் ஏன் வெயிலுக்குள்ள நிக்கும்?"

ஐயாவும் மானும்

அப்ப சிவம் அண்ணைக்கு ஒரு யோசனை வந்தது. புத்தி சொல்லுற பெரியவரின்ர பேச்சைக் கூட்டினால் எல்லாம் சரிவரும் எண்டார். தானே எழுதியும் கொண்டு வந்தார், ரெண்டு பக்கம். நகரக் கடற்கரையில அவர் தோளில துவாயோட நிண்டு, "அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே" எண்டு தொடங்கின நேரம் பாருங்கோ, எங்கட ஊர்ப் புள்ளிமான் ஒண்டு சனத்துக்குள்ளால ஆடி அசைஞ்சு வந்து, அண்ணைக்குப் பக்கத்தில நிண்டு ஆரோ போட்ட, கச்சான் கடலை சுத்தின பேப்பர்ச் சரையைச் சப்பத் தொடங்கிச்சுது. தெருவில தினம் காணுற மான்தான். ஆனாலும் சனம் அதைத்தான் பார்த்தது. அண்ணையும் விடுறாரில்லை, மானும் போகுதில்லை. முடிஞ்சாப் பிறகு ஒரு அம்மா மனம் நோகக் கூடாதெண்டு அண்ணையிட்ட வந்து சொன்னா: "ஐயா மிச்சம் நல்லாக் கதைச்சீங்கள், மானும் பயப்பிடாமல் நிண்டு கேட்டது."

சுமதி கேட்டது

வாடைக்குப் பத்து நாள்தான் இருக்கு. கடைசியில வெக்கத்தை விட்டு நஸீரின்ர ஓட்டோவில ஏறி சுமதியின்ர வீட்டுக்கே போனன். ரவி கடலுக்குப் போயிருந்தார், ஜக்கெட் குசினி மூலையில கிடந்தது. நாங்கள் செய்து பார்த்ததெல்லாத்தையும் சொன்னன். அவள் வெங்காயம் உரிச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திட்டு, "கதிர் தண்ணிக்குள்ள போனாப் பிறகு உந்தப் பவளன் என்ன செய்தவன்?" எண்டாள்.

"மிதந்தவன்."

"மிதந்துகொண்டு?"

நான் பையில இருந்த நாடகக் கொப்பியை எடுத்துப் பார்த்தன். நான் எழுதினது அதில அப்பிடியே இருக்கு: 'பவளன் மிதக்கிறான். சனம் சிரிக்கும்.' அவ்வளவுதான்! ஒரு மனுசனைக் கடலுக்கு நடுவில விட்டிட்டு, அவன் என்ன நினைச்சான், எதைக் கண்டான், ஆரைக் கூப்பிட்டான் எண்டு ஒரு வரி நான் எழுதேல்லை. கோமாளி எண்டு பெட்டியில எழுதினாப் பிறகு அவனுக்கு உள்ளுக்கு ஒண்டுமில்லை எண்டு நானே முடிவு கட்டிட்டன். நஸீர் வாசலில நிண்டு, "இதைத்தானே நான் முதல்ல இரிந்து சொல்றன்" எண்டார். உண்மையாச் சொன்னால் எனக்கு அழுகை வந்தது.

சுமதி வெங்காயத்தை வைச்சிட்டுச் சொன்னாள். ரெண்டு வருசத்துக்கு முதல் ரவியின்ர போட் கவிழ்ந்ததாம். மிதந்த எண்ணெய்க் கானைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு தனியக் கிடந்தவராம், வேற ஒரு போட் வந்து தூக்கும் வரைக்கும். அதுக்குப் பிறகுதான் ஜக்கெட் போடத் தொடங்கினவர். ஊரில ஒருத்தருக்கும் இதைச் சொல்லேல்லை. "என்னத்தை நினைச்சுக்கொண்டு கிடந்தனீங்கள் எண்டு கேட்டன். இண்டைக்கு வீட்டில என்ன கறியா இருக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தவராம். மற்றதெல்லாம் நினைச்சால் கை விட்டுப்போகும் எண்டவர்."

இதை நான் நாடகத்தில எழுதட்டோ எண்டு கேக்க நாக்கு வரைக்கும் வந்திட்டுது, கேக்கப் பயம். அவளுக்கு விளங்கிச்சுது. அடுப்பை ஒருக்காப் பார்த்தாள், மூலையில கிடந்த ஜக்கெட்டை ஒருக்காப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மனிசன்ர பேரைப் போடாதேங்கோ அக்கா, கறியைப் போடுங்கோ."

திரும்பவும் திருக்கடலூர்

கதை பழைய கதைதான். வீரன் ஜக்கெட் போடுறதில்லை, கோமாளி நடுங்கிக்கொண்டு போடுறான், போட் கவிழுது. அதுவரைக்கும் ஒரு சொல்லும் மாத்தேல்லை. பவளன் எண்டு நஸீர் உள்ளுக்கு வந்த உடனே கரை முழுக்கக் கத்துது, "பவளன்! பவளன்!" ஒருத்தன் ரவியைக் காட்டியும் கத்தினான். ரவி அவங்கட போட்டில சாஞ்சு, கையைக் கட்டிக்கொண்டு நிண்டார். முகத்தில ஈயாடேல்லை. சுமதி பொம்பிளையளுக்குள்ள இருந்தாள். எனக்கு என்ர வசனம் முழுக்க மறந்து போச்சு.

இப்ப ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள. கதிர் மூழ்கப் போறான். பவளன் எட்டி அவன்ர கையைப் பிடிக்கிறான். பிடிச்சுக்கொண்டு கேக்கிறான்: "கதிர், நித்திரை கொள்ளாதடா. இண்டைக்கு உங்கட வீட்டில என்ன கறி?" சனம் சிரிக்குது. "சொதி" எண்டு கதிர் முனகுறான். "சொதியோ? அந்தத் தேங்காய்ப்பால் தண்ணிக்காக இவ்வளவு தூரம் ஒருத்தன் நீந்தி வருவானோ? வேற சொல்லு!" இன்னும் சிரிப்பு. "திருக்கை." "ஆ, அது கதை! புளி விட்டோ, விடாமலோ? சொல்லடா, கண்ணை மூடாத, புளி விட்டோ?" இப்ப சிரிப்புக் குறையுது. நஸீர் அதே பகிடிக் குரலிலதான் கேக்கிறார், ஆனால் குரல் நடுங்குது. ரவி கையைக் கட்டினபடி திரும்பிச் சுமதியை ஒரு பார்வை பார்த்தார். நான் செத்தன் எண்டு நினைச்சன். கதிரின்ர தலை சரியுது, கை வழுக்குது. அந்த நேரம், செத்தால் கதிர் மாதிரிச் சாகோணும் எண்டு சொன்ன அதே பெடியன், போட்டில ஏறி நிண்டு தொண்டை கிழியக் கத்தினான்: "பவளன், கையை விடாத!" அவனோட சேர்ந்து கரையே கத்துது, "விடாத பவளன், விடாத!"

ரவி சனத்தை விலத்திக்கொண்டு நடுவுக்கு வந்தார். கறிக் கதைக்குத்தான் அடிக்க வாறார் எண்டு நான் முன்னால ஓடினன். என்னைக் கையால ஒதுக்கிவிட்டிட்டு நேரா நஸீரிட்டப் போனார். "கையைப் பிடிக்கிறியோ? கையைப் பிடிச்சால் அவன் உன்ர தலையில ஏறி உன்னையும் தண்ணிக்குள்ள தாட்டுவான்!" எண்டார். நஸீருக்கு ஒண்டும் விளங்கேல்லை. ரவி நஸீரின்ர ஜக்கெட்டைக் கழட்டி எடுத்தார். அவ்வளவு சனத்துக்கும் முன்னால தான் போட்டார். கிளிப்பை ஒண்டொண்டாப் பூட்டினார், வாரை இழுத்து இறுக்கினார். ஜெகனுக்குப் பின்னால போய், ரெண்டு கக்கத்துக்குள்ளாலயும் கையைக் குடுத்து, அவன்ர தலையைத் தன்ர நெஞ்சில சாத்தி, மணலில பின்னுக்குப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனார். "பின்னால நிண்டுதான் பிடிக்கோணும். அவனை மேலை பார்க்க விடோணும். இது இல்லாமல் வெறும் ஆளா நிண்டு செய்யேலாது, ரெண்டு பேரும் போய்ச் சேருவீங்கள்" எண்டு ஜக்கெட்டில அடிச்சு அடிச்சுச் சொன்னார். கரையில ஒருத்தரும் சிரிக்கேல்லை. பெடியள் போட்டில இருந்து இறங்கிக் கிட்ட வந்து பார்த்தாங்கள். ஜெகன் இன்னும் செத்தவன் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார், எழும்புறதோ விடுறதோ எண்டு தெரியாமல்.

நான் எழுதி வைச்ச முடிவு, தாயின்ர அழுகை, பெரியவரின்ர புத்திமதி, எல்லாம் அப்பிடியே நிண்டு போச்சு. சிவம் அண்ணை துவாயைக் கையில வைச்சுக்கொண்டு, தோளில போடுறதோ இடுப்பில கட்டுறதோ எண்டு முழிச்சுக்கொண்டு நிண்டார். ரவி ஜெகனைக் கிடத்திட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார். நஸீரைப் பார்த்து, ஒரு தொழிற்காரன் இன்னொரு தொழிற்காரனுக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னார்: "உன்ர கதை எல்லாம் சரி, பவளன். பிடிதான் பிழை."

வாடை தொடங்கினாப் பிறகு

அடுத்த கிழமை வாடை அடிக்கத் தொடங்கிச்சுது. கடையில கண்ணாடிக் கதவு படபடவெண்டு அடிக்குது, எனக்கு ஒரு வேலையிலயும் மனமில்லை. ஆரின்ரயோ காணி உறுதியைத் தலைகீழாக் கொப்பி எடுத்துக் குடுத்து ஏச்சு வாங்கினன். ரவி ஜக்கெட் போடுறாரோ எண்டு சுமதிக்கு ஃபோன் எடுத்துக் கேப்பமோ எண்டு நினைப்பன், கேட்டு அவள் இல்லையெண்டு சொன்னால்? எடுத்த ஃபோனை அப்பிடியே வைப்பன். ரெண்டு நாள் இப்பிடியே போச்சு.

மூண்டாம் நாள் பகல் அவளே எடுத்தாள். வழமையாக் கதைக்கிற ஆளில்லை, சுகம் கேக்கிற ஆளுமில்லை. ரவி காற்றுக்குள்ள தொழிலுக்குப் போயிட்டுக் காலமைதான் வந்து படுத்தவர் எண்டாள். ஜக்கெட் போட்டுக்கொண்டோ போனவர் எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை. அங்கால அலை இரையிறது ஃபோனுக்குள்ளால கேக்குது. பிறகு அவள் சொன்னாள்: "அக்கா, ராத்திரி நான் நித்திரை கொண்டனான்."

ஆக, என்னைப்போலக் கதை எழுதித் திரியிற என்ர சகபாடிகளே, இந்தத் தொழிலில நான் படிச்சது இவ்வளவுதான்: நாங்கள் ஒரு ஆளை அரைகுறையா உண்டாக்கி நடுச்சபையில விட்டால், அதைப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல் ஊரில இருந்து ஒருத்தர் எழும்பி வந்து மிச்சத்தைச் சரியாச் செய்து தருவார், நாங்கள் வழிவிட்டு ஓரமா நிண்டிட்டு, பிறகு எழுதினது நாங்கள்தான் எண்டு வெக்கமில்லாமல் சொல்லிக்கொண்டு திரியலாம்.